துட்டி (சாவு) வீட்டுக் காட்சி: அழுகையை எங்கே வைப்பது?

வளவுவீடு கேட்டது:

18 நிமிடக் குறும்படத்துக்கு ஸ்கிரிப்ட் முடிந்திருக்கிறது. களம் நெல்லை டவுனில் ஒரு வளவு வீடு. தெருவாசலில் நின்றால் தார்சா (முன்கட்டு), பட்டாசல் (கூடம்), ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். அம்மா இறந்துவிட்டாள். சென்னையில் வேலை பார்க்கும் மூத்த மகன் காலையில் வந்து இறங்குவதில் படம் தொடங்குகிறது, மறுநாள் காடாத்தில் (சுடுகாட்டில் பால் ஊற்றும் சடங்கில்) முடிகிறது.

இப்போதைக்கு எழுதியிருப்பது இது: மகன் படியேறியதும் பையைப் போட்டுவிட்டு அம்மா மேல் விழுகிறான், வயலின் எழுகிறது, சின்ன வயதில் அம்மா சோறு ஊட்டிய ஃப்ளாஷ்பேக் வருகிறது. படித்தவர்கள் எல்லாரும் சீரியல் மாதிரி இருக்கு என்கிறார்கள். அழுகையை எடுத்துவிட்டு எழுதினால் நம்மூர் வீடாகவே இல்லை, வேறு எந்த நாட்டிலோ நடக்கிற சாவாகத் தெரிகிறது. ஒரு கேமரா, இரண்டு எல்இடி லைட், இரண்டு நாள் ஷூட்டிங். பெண்கள் கூட்டம் முழுக்க ஊர்க்காரர்கள்தான், யாரும் நடித்துப் பழகியவர்கள் இல்லை. அடக்கமாகவும் இருக்கணும், பொய்யாகவும் இருக்கக் கூடாது. எழுத்து, கேமரா, சவுண்ட் எதில் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

---

புறவாசல் எழுதியது:

தம்பி, அழுகையால் வந்த சிக்கல் இல்லை இது. பார்ப்பவன் எங்கே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறானோ சரியாக அங்கேயே அதை வைத்திருக்கிறீர்கள். மகன் படியேறும்போதே அவன் விழுந்து அழப்போகிறான் என்று தியேட்டரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தது நடந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

நம்ம பக்கத்துத் துட்டி வீட்டில் அழுகை விட்டுவிட்டுத்தான் வரும். மதுரைச் சித்தி வந்து இறங்கினால் வாசலிலேயே குரல் எழும்பும். உள்ளே இருக்கிற பொம்பளைகள் அவளைக் கட்டிக்கொள்வார்கள், கொஞ்ச நேரம் வீடே அதிரும். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "எந்த பஸ்ல வந்தே? கோவில்பட்டி பைபாஸ்ல போயிட்டானா, உள்ள வந்தானா?" என்று பேச்சு ஆரம்பித்துவிடும். அடுத்த வேன் வந்து நின்றதும் மறுபடி ஒரு அலை. சினிமாவில் அலையின் உச்சியை மட்டும் எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடுகிறோம். இடையில் தணிகிற நேரத்தை எடுக்கிறவர் குறைவு. உங்கள் படம் அங்கேதான் இருக்கிறது.

தணிந்த நேரத்தில் மகனுக்கு வேலை தலைக்கு மேல். சேர் எத்தனை சொல்லியிருக்கு? பால் போதுமா? நீர்மாலைக்கு (உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர) யார் யார் போறா? பிறந்த வீட்டுக் கோடி (புதுத்துணி) வந்தாச்சா? நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர், அந்தச் சின்னவனையும் சேர்க்கலாமா? எல்லாரும் அவனைத்தான் கேட்பார்கள். கொள்ளி வைக்கிறவனுக்கு அழ நேரம் கிடையாது. இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக அடுக்குங்கள், எல்லாவற்றுக்கும் அவன் ஒழுங்காகப் பதில் சொல்லட்டும். கடைசியில் யாரோ ஒரு அத்தான் சாதாரணமாக, "பதிவு பண்ணணும்லா, அம்மா ஆதார் கார்டு எங்கடே இருக்கு?" என்று கேட்கட்டும். அம்மாவைக் கேட்டால்தான் தெரியும். அவன் அடுக்களைப் பக்கம் திரும்பி வாயைத் திறந்துவிட்டு நிற்கிறான். அங்கே உடையட்டும், அல்லது உடையாமல் பீரோவைத் திறக்கப் போகட்டும். இரண்டுமே நிற்கும். எது நிற்கும் என்பது நடிகரைப் பொறுத்தது.

உலகத்தில் நல்லபடியாகச் செய்தவர்களும் இதே மாதிரித் தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள். கென்னத் லோனர்கனின் 'மான்செஸ்டர் பை தி சீ' (2016) படத்தில் அப்பா செத்த பையன் ஆஸ்பத்திரியில் உடைய மாட்டான். குளிர்காலத்தில் மண் உறைந்திருப்பதால் அடக்கம் தள்ளிப்போகிறது, அதுவரை உடம்பு குளிர்பெட்டியில். ஒரு ராத்திரி வீட்டு ஃப்ரிட்ஜில் உறைந்த கோழி சரிந்து விழும்போதுதான் அவனுக்கு மூச்சு முட்டுகிறது. அதே படத்தில் முன்பு நடந்த ஒரு தீ விபத்துக்குப் பிறகு பையனின் சித்தியை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஸ்ட்ரெச்சரின் கால்கள் மடங்காமல் முரண்டு பிடிக்கும். பெரிய துக்கத்தின் நடுவில் ஒரு சாமான் வேலை செய்யாமல் போவது உண்மையில் நடக்கிறது. திரைக்கதை எழுதும்போதுதான் மறந்துவிடுகிறோம்.

ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) இன்னும் நமக்குப் பக்கம். தாய் இறந்த விடியலில் கிழவர் வெளியே நின்று, இன்றைக்கும் வெயில் அடிக்கும் போல என்கிறார், அவ்வளவுதான். சடங்கு முடிந்து சாப்பிடும்போதே மகள், அம்மாவின் துணிகளில் எது தனக்கு என்று கேட்டுவிடுகிறாள். பதினாறு அன்றைக்கே வளையல் பேச்சு எடுக்கிற வீடு நம்மூரில் இல்லையா என்ன? அவளைக் கெட்டவளாகக் காட்டாததுதான் ஓசு செய்த வேலை.

வசனத்தில் இரண்டு எச்சரிக்கை. துட்டி கேட்டுவிட்டு எழுந்து போகிறவர் "போயிட்டு வாரேன்" சொல்ல மாட்டார், வீட்டுக்காரரும் "வாங்க" சொல்ல மாட்டார். ஸ்கிரிப்ட்டில் இருந்தால் அடித்துவிடுங்கள். இன்னொன்று, யாரும் தன் துக்கத்தை விளக்கக் கூடாது. "அம்மா இல்லாத வீட்டை என்னால நினைச்சுப் பார்க்க முடியல" என்பதெல்லாம் டிரெய்லருக்கு எழுதின வரி.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படியாக மகனை நடத்திக்கொண்டு போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். மனநல மருத்துவர் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது, தாங்கள் சாகப்போவது தெரிந்த நோயாளிகளை வைத்து. இழந்தவர்கள் படிப்படியாக ஏறுவதில்லை. துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோப், ஷூட் இருவரும் 1999-ல் சொன்னதுதான் திரைக்கதைக்கு உதவும்: ஆள் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் இடையே போய்ப்போய் வருவான். ஒரே காட்சிக்குள் மூன்று தடவைகூட.

---

சத்தம்_மட்டும் எழுதியது:

சவுண்ட் பக்கம் நான் சொல்கிறேன். இந்த மாதிரிப் படங்கள் அதிகம் கெட்டுப்போவது இங்கேதான்.

முதல் விதி: வசனம் எடுக்கும்போது கூட்டம் சத்தம் போட்டு அழக் கூடாது. ஒப்பாரியும் வசனமும் ஒரே டேக்கில் பதிவானால் எடிட்டில் வெட்டவே முடியாது. ஒவ்வொரு வெட்டிலும் அழுகை பாதியில் அறுந்து குதிக்கும். பின்னால் இருக்கும் பெண்கள் வாயையும் தோளையும் மட்டும் அசைக்கட்டும். அழுகையைத் தனியாக, கேமரா இல்லாமல், குறைந்தது 10 நிமிடம் ஒரே ஓட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை அருகில் மைக், இன்னொரு தடவை மைக்கைப் புறவாசலில் வைத்து. தூரத்துக் குரல் வேண்டும் என்று அருகில் எடுத்ததற்கு எதிரொலி சேர்த்தால் காது கண்டுபிடித்துவிடும்.

ஒப்பாரி தெரிந்த ஆச்சிமாரிடம் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். இறந்தவளுக்கு எத்தனை பிள்ளை, பிறந்த ஊர் எது, எப்படிச் செத்தாள் என்று மட்டும் சொல்லுங்கள், வரியை அவர்களே கட்டுவார்கள். பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்குவது, இருமுவது எதையும் சுத்தம் செய்யாதீர்கள். சிலர் சாவு நடக்காத வீட்டுக்குள் ஒப்பாரி வைக்க மாட்டேன் என்பார்கள். கட்டாயப்படுத்தாமல் ஊருக்கு வெளியே தோட்டத்திலோ மண்டபத்திலோ வைத்து எடுங்கள்.

பறை, சங்கு இருந்தால் அளவு கவனம். வசனத்துக்கு வைத்த பதிவு அளவிலேயே பறையை எடுத்தால் முதல் அடியிலேயே சத்தம் உடைந்துவிடும். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி தனியாக வையுங்கள். பெரிய சத்தத்தையும் உடையாமல் பதிகிற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாடகைக்குக் கிடைத்தால் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது, ஆனாலும் மைக்கே தாங்காத அளவுக்குப் பக்கத்தில் போகாதீர்கள்.

ஃப்ரீசர் பெட்டியின் கம்ப்ரசர் சத்தம் உங்களுக்குக் கிடைத்த சொத்து. டேக் ஓடும்போது அணைத்துவிடுங்கள். ஷூட் முடிந்ததும் அதை மட்டும் 5 நிமிடம் பதிவு செய்யுங்கள், ஓடத் தொடங்கும் சத்தம், நிற்கும் சத்தம் இரண்டும் வேண்டும். பட்டாசல் காட்சிகள் எல்லாவற்றின் அடியிலும் அந்த ரீங்காரம் மெல்ல ஓடட்டும். பார்ப்பவருக்குப் பத்தாவது நிமிடத்தில் அது கேட்காமலே போய்விடும். உடலை எடுக்கும்போது ஸ்விட்சை அணைக்கிறார்கள், ரீங்காரம் நிற்கிறது. அந்த இடத்தில் வயலின் வைத்தீர்கள் என்றால் உங்களோடு பேச்சே இல்லை.

ஒவ்வொரு அறையிலும் ஆள் அசையாமல் ஒரு நிமிட வெற்றுச் சத்தம் எடுக்க மறக்க வேண்டாம். ஃபேன், மோட்டார், பக்கத்து வீட்டு டிவி எல்லாவற்றையும் அணைத்த பிறகு. ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் எடுப்பதாக இருந்தால் செங்கோட்டைக் கணவாய்க் காற்று மைக்கைச் சாப்பிட்டுவிடும். மைக்குக்கு ரோம உறை இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

---

மேலரதவீதி_கேமரா எழுதியது:

வீடு நேர்கோடாக இருப்பதைப் பயன்படுத்துங்கள். கேமராவை அடுக்களை நிலையில் வைத்துத் தெருவாசலைப் பார்த்தால் எல்லாம் ஒரே சட்டத்தில்: இங்கே காபி கலக்கிற மைனி, நடுவே பட்டாசலில் உடல், கடைசியில் வாசலில் வந்து நிற்கும் மகன். அவனுக்கு குளோஸ்-அப் தேவையே இல்லை. ஆனால் வாசல் வெளிச்சம் உள்ளே இருப்பதைவிடப் பல ஸ்டாப் கூட (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). உள்ளே முகத்துக்கு வைத்தால் வாசல் வெளுத்துப்போகும். தெருவில் பந்தல் போட்டுவிட்டால் பாதி சரியாகும். சிவப்பும் மஞ்சளும் கலந்த சாமியானா வேண்டாம், முகமெல்லாம் நிறம் ஏறும், கலரிங்கில் பிரித்தெடுக்க முடியாது. வெள்ளைத் துணி அல்லது தென்னங்கிடுகு.

துட்டி வீட்டில் பெண்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். லென்ஸ் அவர்கள் கண் மட்டத்தில், தரையிலிருந்து இரண்டரை அடிக்குள் இருக்கட்டும். நின்றுகொண்டு கீழே பார்த்து எடுத்தால் செய்திச் சேனல். 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் போதும். அழும் முகத்தை நோக்கிக் கேமரா மெல்ல நகர்வது, "இப்போ அழுங்க" என்று பார்ப்பவரிடம் கேட்பதுதான், ட்ரைபாடில் பூட்டிவிடுங்கள்.

டியூப் லைட் இருக்கும் வீடு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 24 ஃபிரேமில் 180 டிகிரி ஷட்டர் வைத்தால் பழைய சோக் டியூப்பில் வெளிச்சம் துடிக்கும். 172.8 டிகிரி, அதாவது 1/50 வினாடி வையுங்கள்.

ஃப்ரீசர் பெட்டிக் கண்ணாடியில் கேமராமேன் முகம் தெரியாமல் எடுப்பது பெரிய பாடு. கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டுங்கள். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும், உள்ளே இருட்டு வீட்டில் அது கட்டுப்படி ஆகுமா பாருங்கள். ஆள் உள்ளே படுத்திருக்கும்போது குளிர் ஓடவே கூடாது, மூடியை முழுக்க அடைக்கவும் கூடாது. ஒரு விரல் இடைவெளி கொடுத்துக் கேமராவுக்கு மறுபக்கம் மறைத்துவிடலாம். குளிர் ஓடினால் கண்ணாடியில் ஈரம் படிந்து ஒன்றும் தெரியாது என்பது இன்னொரு காரணம்.

பிணமாகப் படுப்பவரின் வயிறும் கழுத்து நரம்பும் காட்டிக்கொடுக்கும். முழு மூச்சை வெளியே விட்டுவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே இழுத்துப் பிடித்தால் நெஞ்சு துடிப்பது கூடும். 10 வினாடிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நாடிக்கட்டு (தாடையைச் சேர்த்துக் கட்டும் துணி) கழுத்து நரம்பை மறைக்கும், மாலை நெஞ்சை மறைக்கும். நீண்ட ஷாட் வேண்டும் என்றால் கேமரா அசையாமல் எடுத்து, உடல் இருக்கும் பகுதியை மட்டும் எடிட்டில் உறைய வைத்து மறைப்பு (மாஸ்க்) போடலாம். முன்னால் யாரும் குறுக்கே போகாமல் இருந்தால் அரை மணி நேர வேலை.

---

வளவுவீடு எழுதியது:

அண்ணாச்சிமாருக்கு நன்றி. இரண்டு சந்தேகம். கிளிசரின் போடலாமா? ஃப்ளாஷ்பேக்கை முழுக்க எடுத்துவிட்டால் அம்மா யார் என்றே தெரியாதே?

---

பாளை_கத்திரி எழுதியது:

எடிட்டர் பார்வையில் சொல்கிறேன். கிளிசரின் துளி கெட்டியாக, இரண்டு கண்ணிலும் ஒரே அளவாக, மெதுவாக இறங்கும். நிஜ அழுகையில் முதலில் மூக்கு, தொண்டை, காது மடல் எல்லாம் மாறும், கண்ணீர் கடைசியில் வரும். மென்தால் குச்சி பரவாயில்லை: கீழ் இமைக்குக் கீழே கன்னத்தில் லேசாக, கண்ணுக்குள் கண்டிப்பாக வேண்டாம். எரிச்சலில் சொந்தக் கண்ணீரே வரும். ஆனால் சிவப்பு இறங்க நேரமாகும், அதனால் அழுகைக்கு முந்தைய ஷாட்களை எல்லாம் முதலில் எடுத்து முடித்துவிடுங்கள். இல்லையென்றால் அழாத ஷாட்டில் கண் சிவந்திருக்கும்.

நடிகரிடம் "அழு" என்று சொல்லாதீர்கள், கையில் வேலை கொடுங்கள். அழாமல் இருக்க முயல்வதுதான் அவருக்குக் கொடுக்க வேண்டிய குறிக்கோள். குடத்தில் தண்ணீர் பிடிக்க வேண்டும், சிந்தக் கூடாது. நீர்மாலைக் காட்சியில் மேலே துணி பிடித்து, பின்னால் ஆள் சூழ நடந்து வரும் மகனுக்கு இது தானாகவே அமைந்திருக்கிறது.

வெட்டுவதில் பொதுவாக நடக்கும் தப்பு, கண்ணீர் விழுந்த பிறகும் இரண்டு வினாடி நிற்பது. துளி திரண்டதும் வெட்டி, அவர் எதைப் பார்க்கிறாரோ அதற்குப் போங்கள். ரஷ்ய இயக்குநர் குலெஷோவின் பழைய சோதனையில் ஒரே முகத்தைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கம், சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசி என்று ஜனம் வாசித்தது. முகம் பாதி வேலைதான் செய்யும். எவ்வளவு நேரம் நிற்பது என்பதையும் சோதித்துப் பாருங்கள். போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி 'ப்ளூ' (1993) படத்தில் சர்க்கரைக் கட்டி காபியை உறிஞ்சும் ஷாட்டுக்கு, 5 வினாடியில் நனைகிற கட்டியைத் தேடி உதவியாளரை அலையவிட்டார். எட்டு வினாடி ஆனால் பார்ப்பவர் பொறுக்க மாட்டார் என்பது அவர் கணக்கு.

ஃப்ளாஷ்பேக்கை எடுத்துவிடுங்கள். அம்மா யார் என்பதை அடுக்களை சொல்லும்: அங்கணத்தில் ஊறப் போட்ட பாத்திரம், மாத்திரை டப்பா, கேஸ் பதிவு செய்த தேதியைச் சுவரில் பென்சிலால் குறித்தது.

---

தார்சா எழுதியது:

மற்றவர்களோடு ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை. இசையே கூடாது, சத்தமே கூடாது என்பதும் ஒரு ஃபேஷன்தான். 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில் ஊர் திரும்பிய தகப்பன், இறந்தது தெரியாமல் துர்காவுக்கு வாங்கிவந்த சேலையை எடுத்துக் காட்டுகிறான். தாய் உடைகிறாள், அவள் குரலே கேட்காது, அந்த இடத்தில் தார் ஷெனாய் (வில்லால் வாசிக்கும் நரம்புக் கருவி) அலறுகிறது. சத்யஜித் ராய் குறைத்துக் காட்டவில்லை, குரலை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியதை வைத்தார். அதே படத்தில் பிற்பாடு தம்பி, அக்கா திருடி மறைத்த மாலையைக் கண்டெடுத்துக் குளத்தில் எறிகிறான், பாசி விலகி மூடிக்கொள்கிறது. பெரிய சத்தம் ஒன்று, அடங்கிய செயல் ஒன்று. ஒன்றில்லாமல் மற்றது இவ்வளவு வேலை செய்யாது.

நம்ம ஊர்ப் படம் வேண்டுமென்றால் 'பரியேறும் பெருமாள்' (2018). நாய்க்குத்தான் சாவுப் பாட்டு. மனுஷருக்கு வைக்கிற அதே கனத்தில் மாரி செல்வராஜ் அதை வைத்ததால், யாரும் கோபத்தை வாய்விட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே ஒப்பாரியை முழுச் சத்தத்தில் ஒரே ஒரு இடத்தில் வையுங்கள், தேர் (பாடை) கிளம்பும்போது. மிச்ச நேரம் முழுக்க அடங்கியிருந்தால் அந்த ஒரு இடம் தாங்கும்.

வீடு எந்த வீடு என்பதையும் முடிவு செய்துவிட்டீர்களா? பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடு என்றால் ஒப்பாரிக்குப் பதில் கீர்த்தனை, கோயில் மணி, அடக்க ஆராதனை. மேலப்பாளையத்து வீடு என்றால் மய்யித்தை (உடலை) சீக்கிரம் எடுத்துவிடுவார்கள், குரல் உயர்த்தி அழுவதைப் பெரியவர்கள் தடுப்பார்கள். மூன்றுக்கும் ஒரே சத்தம் போட்டால் ஊர்க்காரன் சிரிப்பான். இந்து வீடுகளுக்குள்ளும் நீர்மாலை, கோடி, வாய்க்கரிசி முறை சாதிக்குச் சாதி, தெருவுக்குத் தெரு மாறும். நடிக்க வருகிற பெண்களிடமே வரிசையைக் கேட்டு எழுதி, அதன்படி ஷெட்யூல் போடுங்கள்.

---

புறவாசல் எழுதியது:

தார்சா சொல்வது சரி, ஒரு இடம் முழுச் சத்தத்தில் இருக்கலாம். அப்படியானால் அதற்கு அடுத்த காட்சி முக்கியம். தேர் தெருமுனை தாண்டியதும் கேமரா மகனோடு போகிறதா, வீட்டிலேயே நிற்கிறதா? பல வீடுகளில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டிலேயே நில்லுங்கள் என்பேன். உடலை எடுத்த கையோடு பட்டாசலில் இருந்து தெருவாசல் வரை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். காலையில் கட்டிக்கொண்டு அழுத அதே பெண்கள் சேலையைச் சொருகிக்கொண்டு விளக்குமாறோடு நிற்பார்கள். மேலரதவீதி சொன்ன அதே அடுக்களை நிலையில் கேமரா, ஒரே ஷாட், வெட்டே வேண்டாம். தரை நனைந்ததும் வாசல் வெளிச்சம் உள்ளே பிரதிபலிக்கும், உங்களுக்கு லைட்டும் மிச்சம்.

நடைமுறையில் ஒன்று: தரை காய்ந்து இரண்டாவது டேக் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பழைய சிவப்புச் சிமெண்ட் தரை என்றால் வழுக்கவும் செய்யும். ஒத்திகையைத் தண்ணீர் இல்லாமல் முடித்துவிட்டு, முதல் நாள் கடைசி ஷாட்டாக இதை வையுங்கள். காடாத்து ஷூட்டிங்கை மறுநாள் விடியற்காலைக்குப் போடுங்கள். பால், இளநீர், மண்சட்டி முந்தின ராத்திரியே வாங்கி வைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது.